விலையைக் கொண்டுவரும் கை

(சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆப்ஷன் சந்தையின் விலைகளை, நமக்காகச் செயல்படும் ஏஐ ஏஜென்டுகளுக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது கணினி படித்த பிள்ளைகளுக்கு மட்டுமான பேச்சு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இந்தக் கருவிகள் நம் வீவக வீடுகளுக்குள் வந்துவிட்டன. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பதரைக்கோ பத்தரைக்கோ அமெரிக்கச் சந்தை திறந்ததும் கைப்பேசியோடு உட்காரும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "இந்த வாரம் எந்த புட் விற்கலாம்?" என்று அவர்கள் இப்போது நண்பனிடம் கேட்பதில்லை, ஏஐயிடம் கேட்கிறார்கள். இந்த வட்டாரத்தின் டெப்போ ரோட்டில் இருக்கும் ருத்ர காளியம்மன் கோயில், அலெக்ஸாண்ட்ரா செங்கற்சூளையில் வேலை செய்தவர்கள் கும்பிட்டு வளர்த்த கோயில். அப்படி உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்த்த பணம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது.

ஆப்ஷன் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு இன்று 50 வெள்ளி. அடுத்த இரண்டு மாதத்துக்குள் அதை 55 வெள்ளிக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை உங்களிடம் 1 வெள்ளி கொடுத்து வாங்குகிறேன். விலை 60க்குப் போனால் எனக்கு 4 வெள்ளி மிச்சம். ஏறவே இல்லையென்றால் 1 வெள்ளியோடு என் நஷ்டம் நின்றுவிடும். வாங்கும் உரிமைக்குக் கால் என்று பெயர், விற்கும் உரிமைக்கு புட். அந்த 55 ஸ்ட்ரைக். கெடு நாள் எக்ஸ்பைரி. நான் கொடுத்த 1 வெள்ளி பிரீமியம். விற்ற உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: கைக்கு வந்தது 1 வெள்ளி. விலை 90 ஆனாலும் 55க்குக் கொடுத்தே ஆகவேண்டும். வாங்கியவரின் நஷ்டத்துக்கு எல்லை உண்டு. கையில் பங்கு இல்லாமல் கால் விற்றவரின் நஷ்டத்துக்கு எல்லை கிடையாது.

இந்த ஆபத்து நம் ஊருக்குப் புதிதல்ல. 1995இல் உலகமே சிங்கப்பூரைத் திரும்பிப் பார்த்த சம்பவத்தில் இதற்கும் பங்கு உண்டு. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தில் நிக் லீசன் என்ற இளைஞர், சைமெக்ஸ் சந்தையில் ஜப்பானின் நிக்கெய் குறியீட்டு ஃபியூச்சர்களில், அதாவது பிந்தைய தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களில், பந்தயம் கட்டினார். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்தார். அந்தக் கணக்குக்குப் பணம் தேவைப்பட்டபோது, ஒரே ஸ்ட்ரைக்கில் காலையும் புட்டையும் சேர்த்து விற்றுப் பிரீமியம் வாங்கினார். இதற்கு ஸ்ட்ராடில் என்று பெயர். சந்தை அசையாமல் இருக்கும்வரை விற்றவருக்கு வருமானம். 1995 ஜனவரி 17இல் கோபே நகரில் பூகம்பம் வந்தது. ஜனவரி 23இல் நிக்கெய் ஒரே நாளில் 1,000 புள்ளிக்கு மேல் சரிந்தது. பிப்ரவரி 26இல் வங்கி விழுந்தது. மொத்த நஷ்டம் சுமார் 83 கோடி பவுண்டு. 233 ஆண்டு வங்கியை டச்சு நிறுவனமான ஐஎன்ஜி 1 பவுண்டுக்கு வாங்கியது. லீசனுக்கு சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டு சிறை விதித்தது.

இவ்வளவும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. இன்றைய தலைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூர் அலுவலகத்தின் கணக்குகள் நாள்தோறும் ஒரு மென்பொருள் வழியாக வங்கியின் லண்டன் தலைமையகத்துக்குப் போயின. போனவை நான்கு வகை அறிக்கைகள்: நடந்த வணிகம், விலை, மொத்த நிலுவை, மார்ஜின் என்ற பிணைப்பணம். 1992 ஜூலையில் 88888 கணக்கைத் திறந்த சில நாளிலேயே லீசன் ஒரு கணினி ஆலோசகரை அழைத்து, அந்தக் கணக்கின் விவரம் அறிக்கைகளில் சேராதபடி மென்பொருளை மாற்றச் சொன்னார். மூன்று அறிக்கைகளிலிருந்து அது மறைந்தது. மார்ஜின் அறிக்கையில் மட்டும் தங்கிவிட்டது. ஆக, உண்மை இரண்டரை ஆண்டுக்கு மேல் லண்டனுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. அங்கிருந்த கணினிக்கு 88888 என்ற எண் எந்த வாடிக்கையாளருடையது என்று தெரியவில்லை. தெரியாததைத் தனிக் கோப்பில் தள்ளிவிட்டு அது தன் வேலையைப் பார்த்தது. எந்த மனிதரும் அந்தக் கோப்பைத் திறந்து கேட்கவில்லை.

பூகம்பத்தின் மீதும் ஒரு தனிமனிதரின் பேராசையின் மீதும் பழியைப் போட்டுவிடுவது சுலபம். என் தீர்ப்பு வேறு. விலையையும் நிலுவையையும் கொண்டுவரும் குழாயைக் கையாண்டவரும், ஆர்டர் போட்டவரும், அதைச் சரிபார்க்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தார். லீசன் வணிகத்தையும் நடத்தினார், பின்னலுவலகமான செட்டில்மென்ட்டையும் நடத்தினார். வங்கி விழுந்தது அதனால்தான்.

இனி இன்றைக்கு வருவோம்.

ஏஐ மொழி மாடலுக்குத் தானாக எந்த விலையும் தெரியாது. அது படித்து முடித்த நாளோடு அதன் அறிவு நின்றுவிட்டது. ஆனாலும் விலை கேட்டால் அது பல வேளைகளில் தயங்குவதில்லை. பார்வைக்குப் பொருத்தமான ஓர் எண்ணைச் சொல்லிவிடும். ஆகவே வெளியிலிருந்து விலையை எடுத்துவர அதற்கு ஒரு கருவி வேண்டும். 2023இல் ஓப்பன்ஏஐ, மாடலே தேவைப்படும் மென்பொருளை அழைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒரு தரவுக் கருவியை எழுதிவிட்டால், அந்த நெறிமுறையை ஏற்கும் எந்த ஏஜென்டும் அதைப் பயன்படுத்தலாம். கருவி தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் விளக்கத்தை ஏஜென்ட் படிக்கும். எந்தப் பங்கு, எந்த எக்ஸ்பைரி, எந்த ஸ்ட்ரைக் என்று கேட்கும். கருவி சந்தைத் தரவு நிறுவனத்திடம் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கும்.

மற்ற விலைகளைவிட ஆப்ஷன் விலையில் இந்த வேலை கடினம். பங்குக்கு ஒரு நேரத்தில் ஒரு விலைதான். அதே பங்கின் ஆப்ஷனுக்குப் பல எக்ஸ்பைரிகள், ஒவ்வொன்றிலும் பல ஸ்ட்ரைக்குகள், ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் காலும் புட்டும். பெரிய நிறுவனம் ஒன்றின் இந்தப் பட்டியலை, அதாவது ஆப்ஷன் செயினை, முழுதாக எடுத்தால் ஆயிரக்கணக்கான வரிகள் வரும். 1973 ஏப்ரல் 26இல் சிகாகோவில் பட்டியலிடப்பட்ட ஆப்ஷன்களுக்கான முதல் சந்தை திறந்தபோது 16 பங்குகளின் கால் மட்டுமே இருந்தன. அன்று நடந்த வணிகம் 911 ஒப்பந்தம். இன்று அமெரிக்க ஆப்ஷன் சந்தைகளின் விலைகளைத் திரட்டித் தரும் ஓப்ரா என்ற பொதுத் தரவோடை, உச்ச நேரத்தில் நொடிக்குக் கோடிக்கணக்கான செய்திகளைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. அதை அப்படியே ஏஜென்டிடம் கொட்ட முடியாது. கேட்டதற்கு வேண்டியதை மட்டும் கருவி சலித்துக் கொடுக்க வேண்டும்.

சலிப்பதில்தான் என் கவலை தொடங்குகிறது. எதைச் சலித்தோம், எதை விட்டோம் என்று கருவி சொல்ல வேண்டும். "200 வரி கிடைத்தது, அதில் நடுவில் உள்ள 40ஐக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்வது நல்ல கருவி. 40ஐ மட்டும் கொடுத்து, இருப்பதே அவ்வளவுதான் என்று ஏஜென்டை நினைக்க வைப்பது, அதை எழுதியவர் மனத்தில் வஞ்சகம் ஏதும் இல்லாவிட்டாலும், லண்டனுக்குப் போன அந்த மூன்று அறிக்கைகளின் வேலையைத்தான் செய்கிறது.

அடுத்தது, கிடைக்காததைச் சொல்வது. தரவு நிறுவனத்தோடு தொடர்பு அறுந்தால், அல்லது அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லையென்றால், சில கருவிகள் வெற்றுப் பதிலைக் கொடுக்கின்றன, சில பூஜ்யத்தைக் கொடுக்கின்றன. மனிதர் பார்த்தால் ஏதோ கோளாறு என்று புரிந்துகொள்வார். ஏஜென்ட் அந்தப் பூஜ்யத்தை விலை என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரலாம். வெற்றுப் பதிலைக் கண்டால் தன் பழைய நினைவிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நிரப்பலாம். "விலை கிடைக்கவில்லை, காரணம் இது, எந்த எண்ணையும் நீயாகச் சொல்லாதே" என்று முழு வாக்கியமாகக் கருவி சொல்ல வேண்டும். இதை எழுத ஒரு நிரலாளருக்குச் சில நிமிடம் போதும்.

பழைய நினைவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்தியச் சந்தையைப் பாருங்கள். இங்கே பலருக்கு ஊரில் நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டில் வணிகம் செய்யும் உறவினர்கள் இருக்கிறார்கள். நிஃப்டி ஆப்ஷனின் லாட் அளவு, அதாவது ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை, 2024 ஏப்ரலில் 50இலிருந்து 25 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் புதிய விதிகள் வந்ததும் 75 ஆனது. வாராந்தர எக்ஸ்பைரி பல ஆண்டுகளாக வியாழக்கிழமையாக இருந்தது. 2025 செப்டம்பரில் செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன் 2024 நவம்பரோடு நின்றுவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் வணிகமான நிஃப்டி ஃபியூச்சர், 2023 ஜூலையில் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்குப் போய்விட்டது. இவற்றையெல்லாம் மாறாத உண்மைகள் போல மாடல் படித்து வைத்திருக்கும். லாட் 75ஆக இருந்த காலத்தில் அதை 25 என்று நினைத்துக்கொண்டு, 120 ரூபாய் பிரீமியத்தில் ஒரு லாட் என்றால் 3,000 ரூபாய் என்று உங்களிடம் சொல்லியிருக்கும். உண்மையான தொகை 9,000. நீங்கள் விற்றவராக இருந்திருந்தால், வந்திருக்கும் நஷ்டமும் நீங்கள் கணக்குப் போட்டதைப்போல் மூன்று மடங்கு. இதனால்தான், கருவி விலையோடு லாட் அளவையும் எக்ஸ்பைரித் தேதியையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே தரவேண்டும் என்கிறேன். கேட்டால் தருவோம் என்பது போதாது. ஏஜென்ட் தனக்குத் தெரியும் என்று நினைப்பதைக் கேட்காது.

அமெரிக்க ஆப்ஷனின் பெயர்க் குறியீடும் இப்படித்தான். 21 இடங்கள் கொண்டது. முதல் ஆறில் பங்கின் குறி, அடுத்த ஆறில் தேதி, ஓர் எழுத்தில் காலா புட்டா என்பது, கடைசி எட்டில் ஸ்ட்ரைக். எட்டில் கடைசி மூன்று, புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்கள். 150 வெள்ளி என்பதை 00150000 என்று எழுத வேண்டும். ஒரு பூஜ்யம் இடம் மாறினால் 15 அல்லது 1,500. அதுவும் முறைப்படி சரியான குறியீடுதான், அப்படி ஓர் ஒப்பந்தமும் இருக்கக்கூடும். கருவி அதன் விலையைப் பணிவோடு எடுத்துக் கொடுத்துவிடும். இந்தக் குறியீட்டை ஏஜென்டை எழுதவிடக் கூடாது. பங்கு, தேதி, ஸ்ட்ரைக் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கருவிதான் எழுத வேண்டும். ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்று காட்டும் டெல்டா, தீட்டா போன்ற கணக்குகளும் அப்படியே. கூட்டிப் பெருக்க மொழி மாடலை நம்பாதீர்கள். அதைச் செய்யக் கணினிக்கு எப்போதோ தெரியும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைக்கும் ஆப்ஷன் விலை பெரும்பாலும் 15 நிமிடம் தாமதமானது. அதிகம் வணிகமாகாத ஸ்ட்ரைக்கில் "கடைசியாக விற்ற விலை" நேற்றையதாகவும் இருக்கலாம். அதற்குள் பங்கு எங்கேயோ போயிருக்கும். வாங்குவோர் தர முன்வரும் விலை, விற்போர் கேட்கும் விலை இரண்டையும், அவை எந்த நேரத்தவை என்பதையும், அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத எண்ணை நான் விலையாகவே ஏற்கமாட்டேன்.

இத்தனையும் சரியாகச் செய்த கருவி கிடைத்துவிட்டால் நம் பிள்ளைகள் லாபம் சம்பாதிப்பார்களா? அதை நம்பவைத்து விற்கும் விளம்பரங்கள் பெருகிவருகின்றன, ஆகவே எண்களைச் சொல்லிவிடுகிறேன். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை இந்தியாவில் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அடுத்த ஆண்டுக்கான ஆய்வில் 91 சதவீதம். 2023-24இல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ என்ற தானியங்கி வணிக நிரல்கள் வழியாக வந்தவை என்று அதே 2024 ஆய்வு சொல்கிறது. உங்கள் மகன் கைப்பேசியில் இணைத்த ஏஜென்ட் அந்த நிறுவனங்களின் இயந்திரங்களுக்கு ஈடாகிவிடாது. கருவி நல்லதாக இருந்தால் பொய் விலையை நம்பி ஏமாறுவது குறையும். அதற்கு மேல் அது எந்த வாக்குறுதியும் தரமுடியாது.

நல்ல கருவியும் காட்டமுடியாதவை உண்டு. 2025 ஜூலையில் செபி, அமெரிக்க வணிக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்தபோது, அதில் அந்தக் குழுமத்தின் சிங்கப்பூர் நிறுவனமும் இருந்தது. காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கி ஏற்றிவிட்டு, ஆப்ஷனில் அதற்கு நேரெதிராகப் பல மடங்கு நிலுவை எடுத்தார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. யார் சொல்வது சரி என்பதை நான் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. செபி சொல்வதுபோல் ஒன்று எங்கே நடந்தாலும், ஆப்ஷன் செயினை மட்டும் பார்க்கும் ஏஜென்டுக்கு அது ஒருபோதும் தெரியவராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விலை கொண்டுவரும் கருவியும் ஆர்டர் போடும் கருவியும் ஒன்றாக இருக்கலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெங்களூரின் தரகு நிறுவனமான ஜெரோதா 2025இல் தன் வாடிக்கையாளர்கள் ஏஐ உதவியாளரைக் கணக்கோடு இணைக்க எம்சிபி வசதியைத் திறந்தது. தானே நடத்தும் அந்தச் சேவையில் கணக்கைப் பார்க்கலாம், விலை கேட்கலாம், ஆர்டர் போட முடியாது என்ற ஏற்பாட்டோடுதான் அதைக் கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆர்டர் போடும் அல்கோக்களுக்குச் செபி 2025 பிப்ரவரியில் தனி விதிகளை வகுத்தது. அல்கோ ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் இருக்க வேண்டும். உள்ளே நடப்பது வெளியே தெரியாத அல்கோவைத் தருபவர் ஆய்வாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இங்கே சிங்கப்பூர் நாணய ஆணையம் 2018 நவம்பரிலேயே நிதித்துறை ஏஐக்கு நேர்மை, நெறி, பொறுப்பு, வெளிப்படைத்தன்மை என்ற கோட்பாடுகளை வகுத்தது. 2012 முதல், ஆப்ஷன் போன்ற சிக்கலான பொருள்களில் இறங்கும் சாதாரண முதலீட்டாளரின் அறிவையும் அனுபவத்தையும் தரகு நிறுவனம் முதலில் சோதிக்க வேண்டும் என்ற விதி இங்கே இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறுபவர் உங்கள் பிள்ளை. ஆர்டர் போடுவது அவர் இணைத்த ஏஜென்ட் என்றால், சோதனை யாரைக் காக்கிறது? இந்த இடைவெளியை ஆணையம் மூட வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரத்தை எழுதிக் கொடுத்து எல்லை கட்டுவது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய நகரத்தார், மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் இருந்து கடல் தாண்டிய தொழிலை நடத்தினார்கள். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு மேலாள் என்ற முகவர் கப்பலேறி வருவார், பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு. பேரேட்டில் வரவு செலவு பதிவாகும், ஐந்தொகை ஊருக்குப் போகும். தவணை முடிந்ததும் அடுத்த மேலாள் வந்து புத்தகத்தைப் பார்த்துப் பொறுப்பேற்பார். போனவர் எழுதியதை வந்தவர் படிக்காமல் பெட்டிச் சாவி கைமாறாது. ஏஜென்டுக்கும் அதுதான் வேண்டும்: எழுதிய எல்லை, முடியும் தேதி, அது கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பெற்ற ஒவ்வொரு விலைக்கும் வேறொருவர் படிக்கக்கூடிய பதிவு.

இந்த அரங்கில் நிரல் எழுதும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் கருவியில் புரியாத எண் ஒன்று வந்தால் அதைத் தனிக் கோப்பில் தள்ளாதீர்கள். நிறுத்தி, ஒரு மனிதரைக் கேளுங்கள். உங்கள் கருவி தரும் விலை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்ற இரண்டையும் தாங்கி வரட்டும்.

பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் கேளுங்கள்: "நீ இணைத்திருக்கும் இந்த ஏஐ விலையைப் பார்க்க மட்டும் செய்யுமா, ஆர்டரும் போடுமா?" ஆர்டரும் போடும் என்றால், தரகுக் கணக்கின் அமைப்புக்குள் போய் அந்த அனுமதியை இன்று இரவே எடுத்துவிடச் சொல்லுங்கள்.